பழைய வில்லையும் ஊவா வானமும்

இலங்கையின் மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலே பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் ஒரு சுரங்கம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் அச்சுரங்கத்தின் மேற்கு வாயிலில் மழைத் தூறலும் மூடுபனியும் வழியை மறைத்து நிற்கும். கிழக்கு வாயிலை அடைந்தாலோ தெளிந்த வெயில் பளிச்சென்று எதிர்கொள்ளும். மலை ஒன்று, வாயில் இரண்டு, பருவமும் இரண்டு. அந்தக் கிழக்கு வாயிலுக்கு அப்பால் விரிவதே ஊவா.

அப்புத்தளையில் நின்று தெற்கே நோக்கினால் தாழ்நிலம் முழுவதும் காலடியில் கிடப்பது போன்ற தோற்றம். அங்கிருந்து பண்டாரவளை, எல்ல ஆகிய இடங்களைத் தொட்டுத் தெமோதரையை அடையும் பாதை, அங்கே ஒரு வட்டமிட்டுத் தன் கீழேயே தான் நுழைந்து வெளிவருகிறது. அந்த விந்தையைக் கடந்து சென்றால் பாதையின் முடிவிடமான பதுளை. 1924ஆம் ஆண்டிலே புகையிரதம் இந்நகரை எட்டியது. பதுளைக்குச் செல்வோர் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக் காண்பர். முத்தியங்கன விகாரையைத் தரிசிப்பர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாம் சென்றது இவற்றைக் காண்பதற்கன்று, இருளைக் காண்பதற்கு! நல்ல இருள் இக்காலத்தில் கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது என்பதை நகரத்தில் வாழும் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கச்சான் காற்றின் கொடை

தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள நீரையெல்லாம் அட்டன், நுவரெலியா முதலிய மேற்குச் சரிவுகளிலே கொட்டித் தீர்த்துவிடுகிறது. பின்னர் மலைகளைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்று. அதைக் கச்சான் என்று நம்மவர் வழங்குவர். இக்காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள காலத்தில் தேயிலைச் செடி விரைந்து தளிர்ப்பதில்லை. அடக்கமாக வளரும் அக்கொழுந்திலே வேறெங்கும் காணாத ஒரு மணம் ஊறுகிறது. 'ஊவாச் சீசன்' என்று தேயிலை வியாபாரிகள் போற்றுவது இப்பருவத்தையே.

தேயிலைக்கு மணந்தரும் அதே காற்று ஊவாவின் இரவு வானத்தையும் துடைத்துத் தருகின்றது. அம்மாதங்களில் மாலை மங்கியதும் தெற்கு வானில் உயர்ந்து நிற்பது எது? விருச்சிகமும் தனுசும், அவற்றினூடே பாயும் ஆகாய கங்கையின் மிகச் செறிவான பகுதி. நமது பால்வீதியின் மையமே அத்திசையில்தான் இருக்கின்றது. ஐரோப்பியர் அதனைக் காணத் தம் தெற்கு அடிவானத்தைத் தடவ வேண்டும். ஏழு பாகை வட அகலக்கோட்டில் அமைந்த பதுளையிலோ அது ஐம்பது பாகைக்கு மேல் எழுந்து கண்ணெதிரே நிற்கின்றது. தேயிலைக்குச் சிறந்த பருவமும் பால்வீதிக்குச் சிறந்த பருவமும் ஒன்றாகவே அமைந்தது இம்மண்ணின் பெரும்பேறு எனலாம்.

பதுளையில் கிடைத்த வில்லை

எம்மிடம் தொலைநோக்கி இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இத்தகைய பொருள்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது கல்லூரி ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு எட்டாத காரியம். எம்மிடம் இருந்தது ஒரு பழைய கமராவின் வில்லை மட்டுமே. பதுளையில் மூடப்படவிருந்த ஒரு புகைப்பட நிலையத்திலிருந்து ஓராண்டுக்கு முன்னர் நாம் வாங்கியது அது. சோவியத் நாட்டில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஹீலியோஸ் என்னும் வகை. 58 மில்லிமீற்றர் குவியத்தூரம் உடையது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தார் வகுத்த பயோட்டார் என்னும் வில்லையின் அமைப்பைத் தழுவியது. பிலிம் சுருள் வழக்கொழிந்ததும் உலகெங்கும் இத்தகைய வில்லைகள் மேசை அறைகளில் உறங்கலாயின.

அதனை எம்மிடம் கொடுத்த முதியவர் சிறிது நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கூறினார்: "பாஸ்போட் படம் எடுக்க விடியக்காலையிலேயே சனம் வந்து நிக்கும் சேர். குடும்பம் குடும்பமா வருவாங்க. படத்தை வாங்கிட்டுப் போனவங்க பலரை அதுக்குப் பிறகு நான் கண்டதே இல்லை."

அவர் குறித்தது எக்காலத்தை என்பது மலையகத்தார் எவருக்கும் விளங்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தமிழர் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது. 300,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் 1974இல் முடிவாயிற்று. பிறந்த மண்ணை விட்டுத் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டவர்களின் முகங்களைப் பதிந்தவை இத்தகைய நகரங்களின் சிறு புகைப்பட நிலையங்களே. அந்த வில்லையைக் கையில் ஏந்தியபோது அதன் எடையைவிட அதிகமான ஒன்றை நாம் உணர்ந்தோம்.

முகம் பார்த்த வில்லை விண் பார்த்த வரலாறு

மனித முகத்தைப் படம்பிடிக்கச் செய்த வில்லை விண்மீனைப் படம்பிடிக்க உதவுமா? உதவும், விண்ணைப் படம்பிடிக்கும் கலை வளர்ந்த வழியே அதுதான்.

ஊவாவுக்கு மேற்கே டிக்கோயாப் பள்ளத்தாக்கில் 1879ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானவர் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது. தமது நாற்பத்தெட்டாம் வயதில் மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு உலகப் புகழ் பெற்ற உருவப்படங்களை எடுத்தவர் அவர். 1875இல் இலங்கையிற் குடியேறிய பின்னர் இங்குள்ள தொழிலாளரின் முகங்களையும் படமாக்கினார். அவருக்கு நெடுங்கால நண்பராக இருந்தவர் வானியலறிஞர் ஜோன் ஹெர்ஷல். இருவரும் முதன்முதலில் சந்தித்தது தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே.

அம்மாது மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1882இல், அதே நன்னம்பிக்கை முனையில் ஒரு பெரிய வால்மீன் தோன்றியது. அங்கிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் டேவிட் கில் என்பவரிடம் அதைப் படமெடுக்கத் தகுந்த கமரா இல்லை. அயலூரிலிருந்த அல்லிஸ் என்னும் புகைப்படக்காரரை அழைத்தார். அவருடைய உருவப்படக் கமராவைத் தொலைநோக்கியின் முதுகில் வைத்துக் கட்டினார். வில்லையின் அகலமோ இரண்டரை அங்குலம்! வால்மீன் பதிந்தது, அதற்குப் பின்னால் எண்ணற்ற விண்மீன்களும் பதிந்திருந்தன. அதனைக் கண்ட கில், தென்வானம் முழுவதையும் இவ்வாறே படமெடுத்து அட்டவணையாக்கத் துணிந்தார். ஒல்லாந்து அறிஞர் கப்தைன் படங்களை அளந்து உதவினார். அவ்வாறு உருவான அட்டவணையில் 454,875 விண்மீன்கள் இடம்பெற்றன.

அமெரிக்காவின் எட்வர்ட் பார்னார்ட் கதை மாணவர் அறியவேண்டியது. தந்தையற்ற ஏழைப் பிள்ளை. ஒன்பதாம் வயதிலே ஒரு புகைப்பட நிலையத்தில் கூலிக்குச் சேர்ந்தான். சூரிய ஒளியால் படங்களைப் பெரிதாக்கும் பெருங்கருவி ஒன்றைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அவனுக்கிட்ட வேலை. அப்பொறுமையே பிற்காலத்தில் கைகொடுத்தது. 1889 முதல், சான் பிரான்சிஸ்கோவின் புகைப்படக்காரர் ஒருவரிடம் இரண்டாங் கையாக வாங்கிய உருவப்பட வில்லையைக் கொண்டு, லிக் வானாய்வு நிலையத்தில் பால்வீதியின் முகில்களை அவர் படமாக்கினார். படத்தின் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்மீனும் 1892இல் அவ்வில்லையிலேயே சிக்கியது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளவேண்டா. கடையில் விற்கும் கமரா வில்லைகள் எட்டினை ஒன்றாகக் கட்டி 2013இல் டிராகன்ஃபிளை என்னும் தொலைநோக்கியை ஆக்கியோர், பின்னர் கோமா விண்மீன்திரள் கூட்டத்திலே மிக மங்கலான 47 திரள்களை 2015இல் அறிவித்தனர். பெருந்தொலைநோக்கிகளுக்குத் தப்பியவை சிறு வில்லைகளுக்குத் தப்பவில்லை.

கருவி உருவான விதம்

எமது கமராவின் உள்ளுறுப்பு, ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்கென விற்கப்படும் ஒளியுணரிப் பலகை. அதன் ஒளியுணரி சுண்டுவிரல் நகத்தளவே. எமது வில்லை தெளிவான பிம்பத்தைத் தன் பின்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 45.5 மில்லிமீற்றர் தொலைவிலேயே தருவது. பலகையின் வளையம் அதில் 17.5 மில்லிமீற்றரைத் தானே எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய 28 மில்லிமீற்றருக்கு ஓர் அலுமினியக் குழாய் வேண்டும். பதுளையில் லேத் வேலை செய்யும் ஒருவர் அரை நாளில் கடைந்து கொடுத்தார். உட்புறத்துக்குக் கறுப்புச் சாயம் பூசினோம். உள்ளே ஒளி தெறித்தால் படம் வெளுத்துப்போகும்.

வில்லையின் ஓரத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மலைநாட்டின் ஈரத்துக்கு எந்தக் கண்ணாடியும் தப்புவதில்லை. மிருதுவான துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களுடன் வைத்துக் காத்தோம். வில்லையை முழுதாகத் திறந்துவைத்தால் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி நீல வளையமும், ஓரத்து விண்மீன்களுக்குச் சிறகும் முளைக்கின்றன. துவாரத்தை இரண்டு படி சுருக்கினால் இரண்டும் பெரிதும் அடங்கும்.

இனி, பூமி சுழல்வதனால் விண்மீன்கள் வினாடிக்கு வினாடி நகர்கின்றனவே, அதற்கு என்ன செய்வது? இரு பலகைகளைப் பிணைச்சலால் இணைத்து, அவற்றினிடையே ஒரு திருகாணியைப் பொருத்தினோம். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னேறும் சாதாரணத் திருகாணி. பிணைச்சலுக்கும் திருகாணிக்கும் இடையே 228.6 மில்லிமீற்றர் இருக்குமாயின், நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத் திருகும்போது மேற்பலகை விண்மீன்களின் வேகத்திலேயே விரியும். கணக்குத் தெரிந்த மாணவர் எவரும் இதைச் சரிபார்க்கலாம். விண்மீன்களைப் பொறுத்து பூமி ஒரு சுற்றுச் சுழல எடுப்பது 23 மணி 56 நிமிடம். திருகாணியின் தலையில் கடிகார முகம் போல ஒரு வட்டத் தகட்டை ஒட்டிவிட்டால், வினாடி முள்ளுக்கு ஏற்பக் கையாலேயே திருகலாம். மோட்டார் வேண்டுவதில்லை.

பிணைச்சலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். ஊவாவிலோ அந்நட்சத்திரம் ஏழு பாகை உயரத்திலேயே இருப்பதால் மலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கோயில் கட்டும் சிற்பியர் திசை காண்பதற்குக் கைக்கொண்ட சங்கு முறையை நாம் நாடினோம். சமதரையில் ஒரு கம்பை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைக் குறித்தால், அவற்றை இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து, வடக்கு தெற்கு. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதையும், நிழல் தெற்கே விழுவதையும் கண்டு தோட்டத்துச் சிறுவர் ஆரவாரித்தனர்.

ஆடி அமாவாசை இரவு

நமுனுகுல மலை இரண்டாயிரம் மீற்றருக்கும் மேலாக உயர்ந்தது. அதன் தென்சாரலிலுள்ள ஒரு தோட்டத்துப் பாடசாலையில் எமது பழைய மாணவர் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர். அவர் அழைப்பின்பேரில் ஆகஸ்ட் 4ஆம் தேதியை நாம் தேர்ந்தோம். அன்று ஆடி அமாவாசை; ஞாயிற்றுக்கிழமையாதலால் பெரட்டும் இல்லை. பிதிர்க் கடன் முடித்து விரதம் விட்டவர்கள் பலர் மாலையில் பாடசாலைத் திடலுக்கு வந்துவிட்டனர். பதுளை நகரின் வெளிச்சத்தை மலையே மறைத்து நின்றது. லயன்களின் வெளி விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து உதவுமாறு வேண்டினோம். ஒவ்வொன்றாக அணைந்தன. எட்டு மணிவரை தங்கியிருந்த மேகமும் கலைந்தது. "ஆ!" என்றொரு குரல் எழுந்தது, அதன் பின் பேச்சில்லை.

பனி இறங்கினால் வில்லை மங்கும். முதியவர் ஒருவர் தம் பழைய கம்பளியைக் கொண்டுவந்து கமராவைச் சுற்றிப் போர்த்தினார். திருகாணியைத் திருப்பும் வேலையை ஏற்றவள் அத்தோட்டத்திலே பிறந்து, பதுளையில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் ஒரு மாணவி. விருச்சிகத்தின் கொடுக்கில் அருகருகே மின்னும் இரு விண்மீன்களைக் காட்டி, "அதுதான் மூலம்" என்றோம். "அது என்னுடைய நட்சத்திரம் சேர்" என்றாள் அவள் மகிழ்ச்சியோடு. அருகில் நின்ற அவளுடைய தாயார் சட்டென்று, "சும்மா இரு பிள்ளை. அதை ஊர் கேக்கச் சொல்லாதே" என்று தடுத்தார்.

அத்தாயின் அச்சம் எமக்கு விளங்கிற்று. மூலத்திற் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாள் என்னும் சொல்லால் எத்தனை பெண்களின் சாதகங்கள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன! நாமும் சைவக் குடும்பத்திற் பிறந்தவர்களே; நாளும் கோளும் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களே. ஆயினும் அவ்விடத்தில் வானத்தைக் காட்டியே பேசினோம். "அம்மா, சந்திரன் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை இந்தப் பக்கமாக நடந்து போகின்றது. அந்த நாளில் உலகத்திலே பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூலந்தான். இருபத்தேழு பேருக்கு ஒருவர் என்று வைத்தால் இன்றைக்கு உயிரோடிருப்பவர்கள் ஏறக்குறைய முப்பது கோடிப் பேர். பாதிப்பேர் பெண்கள். அத்தனை பேராலும் குடும்பங்கள் கெட்டுப்போனதாக எங்காவது கண்டிருக்கிறீர்களா?" தாயார் மறுமொழி கூறவில்லை. மகள் கடிகாரத்தைப் பார்த்தபடி திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணியளவில் அப்பகுதி நேர் தெற்கே உச்சியில் நின்றது. இருபது வினாடிக்கு ஒன்றாக முப்பத்தாறு படங்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அவளுடைய கை ஒருமுறையும் தடுமாறவில்லை. ஒற்றைப் படத்தில் மணலைத் தூவியதுபோல் இரைச்சல் மிகும். முப்பத்தாறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியிற் சேர்த்தால் இரைச்சல் ஆறில் ஒன்றாகக் குறைந்து, மங்கிய பொருளும் தலைகாட்டும். சிரில் என்னும் மென்பொருள் இதனை இலவசமாகவே செய்து தருகின்றது.

பாடசாலை அறையில் கணினித் திரையைச் சுற்றிக் குழந்தைகள் நெருங்கி நின்றனர். கறுப்புத் திரை மெல்ல மெல்ல ஒளி கொண்டது. ஆறு பாகை அகலமான வானம், அதாவது பன்னிரண்டு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கக்கூடிய இடம். ஒரு பக்கத்தில் மூலத்தின் இரு நீலமணிகள். கிழக்கே, கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமி குறித்துவைத்த விண்மீன் கொத்து. இடையெங்கும் பால்வீதியின் பொடிப்பொடியான ஒளி. அதனூடே புகைபோல் கரிய தூசி முகில்கள்.

தாயார் திரையருகே வந்து நெடுநேரம் பார்த்தார். "இந்தப் படத்தை என்னோட போனுக்கும் அனுப்பி வைக்க முடியுங்களா சேர்?" என்று மட்டும் கேட்டார். மறுநாட் காலையில் கொழுந்து மலைக்குப் புறப்படுமுன் அவர் அயல் லயத்துப் பெண்களுக்குப் போனை நீட்டி, "இதுதான் நம்ம பிள்ளையோட மூலம், அதுதான் திருகாணியைச் சுத்திப் படம் புடிச்சது" என்று காட்டிக்கொண்டிருந்ததை நாம் கண்டோம்.

மழைக்காலத்து வானம்

ஊவாவின் வானம் ஆண்டு முழுவதும் இவ்வாறு இருப்பதில்லை. அக்டோபர் பிறந்ததும் காற்றுத் திசை மாறி, வடகீழ்ப் பருவமழை இம்மலைகளிலேயே இறங்குகின்றது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்து லயன்கள் மண்ணுள் புதையுண்டதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியிலும் பதுளை மாவட்டம் பேரழிவைக் கண்டது. அம்மாதங்களில் தோட்டத்து மக்கள் இரவிலே வானத்தை அண்ணாந்து பார்ப்பது அச்சத்தினால். அவர்களுக்கு உறுதியான நிலத்தில் உறுதியான வீடு வேண்டும். வில்லையும் படமும் அதற்கு ஈடாகமாட்டா. ஆயினும் அச்சத்தோடு மட்டுமே வானத்தைப் பார்க்கும் நிலை ஒரு குழந்தைக்கும் நேரலாகாது. கச்சான் வீசும் மூன்று மாதங்களாவது அவ்வானம் அவர்களுக்கு வியப்பைத் தரட்டும்.

கருவியை நாம் திரும்பக் கொண்டுவரவில்லை. அது அப்பாடசாலையின் அலுமாரியில், ஈரம் புகாத டப்பாவில் இருக்கின்றது. திறவுகோல் அம்மாணவியின் பொறுப்பில். புலம்பெயர்ந்து வாழ்வோரின் வீடுகளிலும், நம் நகரங்களில் மூடப்படும் புகைப்பட நிலையங்களிலும் இத்தகைய வில்லைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. உங்கள் தந்தையோ பாட்டனாரோ கையாண்ட கமரா ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை வில்லையை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். பூஞ்சணம் ஓரத்தில் மட்டுமே இருந்தால் அஞ்சற்க. இரண்டு பலகையும் ஒரு பிணைச்சலும் எந்த ஊர் இரும்புக்கடையிலும் கிடைக்கும். அடுத்த ஆடி அமாவாசைக்குள் செய்து முடிக்கலாம்.